முதுகுப்பக்கத்துச் சட்டைப்பை

முந்தின நாள் மதியம் பிடித்த மழை காலையிலும் விடவில்லை. விடுதி அறையில் குறுக்கே கட்டியிருந்த கயிற்றில் தையல்காரியின் உடுப்புகள் இரவு முழுக்கத் தொங்கியும் போட்டது போட்டபடி ஈரமாகவே இருந்தன. ஒரு காலுறையை எடுத்துப் பிழிந்து பார்த்தாள். சொட்டியது.

“நீயும் அவரை மாதிரிதான். சொன்ன பேச்சு கேக்கிறதே இல்ல” என்று காலுறையைத் திட்டிவிட்டு அதையே மாட்டிக்கொண்டாள்.

காய்ந்த துணி என்று இருந்தது ஒன்றுதான். போட்டுக்கொண்டு தூங்குவதற்காக வீட்டிலிருந்து எடுத்துவந்த கணவரின் பழைய சட்டை. குளிக்கப் போகும்போது கழற்றி நாற்காலியின் முதுகில் மாட்டியிருந்தாள். அது தோளை விரித்துக்கொண்டு, அவளுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தது. தலை ஒன்றுதான் குறை.

சாமான்களை எடுத்துவைப்பதில் அவள் கெட்டி. எதை எங்கே வைக்கிறாள் என்பதை வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே வைப்பாள். “பம்ப்பு, பஞ்சர் பசை, வரைபடம், ரொட்டி.” கடைசியாகப் போனை எடுத்து, மழைக்காக பிளாஸ்டிக் உறையில் சுற்றி, உறையை இன்னொரு உறையில் சுற்றி, அதன் இடத்தில் வைத்தாள். “போனு.” பக்கத்து அறையில் யாரோ கைக்குழந்தையைத் தூங்கவைக்கப் படாத பாடு பட்டதால், இரவே அதன் ஒலியை அடைத்திருந்தாள். காலையில் திறக்க மறந்துபோனாள். பிறகு சட்டையை எடுத்துப் போட்டுக்கொண்டு, மேலே மழைக்கோட்டையும் மாட்டிக்கொண்டு, கீழே இறங்கிச் சைக்கிளை எடுத்தாள்.

அவள் தனியாகச் சைக்கிளில் போய்க்கொண்டிருப்பது கடலைப் பார்க்க. தனியாகப் போவது அவள் போட்ட திட்டம் இல்லை.

அவளுடைய கணவர் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருப்பவர். கல்யாணமான புதிதில் எங்கேயோ விலைக்கு வந்த ஒரு ரெட்டைச் சைக்கிளை, இரண்டு பேர் முன்னும் பின்னுமாக உட்கார்ந்து மிதிப்பதை, அவளைக் கேட்காமலே வாங்கி வந்தார். முன்சீட்டில் அவர், பின்சீட்டில் அவள். ஹேண்டில்பார், பிரேக், கியர், மணி, எதிரே தெரிகிற உலகம் எல்லாம் முன்சீட்டுக்கு. பின்சீட்டுக்குப் பெடலும் அவர் முதுகும். தெருவில் அவர்களுக்கு “டிரைவர், பின்சீட்டு” என்றே பெயர் விழுந்துவிட்டது. நாளடைவில் அவர்களும் ஒருவரை ஒருவர் அப்படித்தான் கூப்பிட்டுக்கொண்டார்கள்.

அந்த முதுகைச் சும்மா பார்த்துக்கொண்டு வர ஒரு தையல்காரியால் முடியுமா? அவர் கைகள் ஹேண்டில்பாரை விடாது; அவள் கைகளுக்கோ வேலையே இல்லை. அதனால் அவருடைய சட்டை ஒவ்வொன்றிலும் முதுகில், இடுப்புக்குச் சற்று மேலே, அகலமாக ஒரு பை வைத்துத் தைத்தாள். ரொட்டி, கைக்குட்டை, வரைபடம், போன் எல்லாம் அதில்தான் இருக்கும். அவள் கையை நீட்டி எடுப்பாள், வைப்பாள். அது அவருடைய முதுகு என்றாலும் அவளுடைய அலமாரி. விசேஷங்களுக்குப் போடுகிற சட்டையில்கூட விட்டுவைக்கவில்லை. ஒரு கல்யாண வீட்டில் பின்னால் நின்ற யாரோ, பையைக் குப்பைத்தொட்டி என்று நினைத்து, குடித்து முடித்த காகிதக் கோப்பையை அதில் போட்டுவிட்டுப் போய்விட்டார். கண்ணாடிக்கடைக்காரர் வீட்டுக்கு வந்து சட்டையைக் கழற்றிய பிறகுதான் தெரிந்தது.

வண்டி ஓட்டுவதிலும் அவர்களுக்கு ஒரு முறை உண்டு. முன்னால் இருப்பவர் கூவ வேண்டும்: “பள்ளம்!” “கல்லு!” “மேடு வருது, மிதி!” பின்னால் இருப்பவள் “சரி” என்று பதில் சொல்ல வேண்டும். சொன்னால்தான் உடம்பைத் தயார்ப்படுத்திக்கொண்டாள் என்று அர்த்தம். சொல்லாவிட்டால் அவர் வண்டியை நிறுத்தியே விடுவார்.

ரெட்டைச் சைக்கிளில் கடல்வரை போய் வர வேண்டும் என்பது பல வருடத் திட்டம். ஒவ்வொரு வருடமும் ஏதோ ஒன்று குறுக்கே வந்தது. இந்த வருடம் எல்லாம் கூடிவந்தது. அவருடைய முழங்கால் முந்திக்கொண்டது. அறுவை சிகிச்சை முடிந்து வீட்டுக்கு அனுப்பும்போது, தான் சொல்லும்வரை படி இறங்கவே கூடாது என்று மருத்துவர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். அவர்கள் வீடோ மாடியில்.

பயணம் ரத்து என்றுதான் அவள் நினைத்தாள். அவர் ஒப்பவில்லை.

“கடல் எங்கேயும் ஓடிப் போகாது. ஆனா அடுத்த வருஷம் உன் முழங்கால் என்ன சொல்லுமோ, யார் கண்டா? நீயாவது போயிட்டு வா, பின்சீட்டு.”

“நான் பிரேக்கே பிடிச்சதில்லைங்க!”

“பிடிச்சா நிக்கும். அவ்வளவுதான் விஷயம்.”

கட்டிலில் உட்கார்ந்தபடியே ஆளைவிட்டு ஒற்றைச் சைக்கிள் ஒன்றை வரவழைத்தார். கூடவே ஒரு நிபந்தனையும் போட்டார். தினமும் மத்தியானச் சாப்பாட்டுக்குள் அவள் குரல் கேட்க வேண்டும். “கேக்கலைன்னா, காலாவது கீலாவது, அடுத்த பஸ்ஸைப் பிடிச்சு வந்துருவேன்.”

சொன்னால் செய்கிற மனிதர். அதனால் அவளும் பதிலுக்கு ஒன்று போட்டாள். “நீங்க அந்தக் காலோட படி இறங்கி வந்தீங்கன்னு வைங்க, அங்கேயே சைக்கிளைத் தூக்கி பஸ் மேல போட்டுட்டு உங்களோடயே திரும்பிடுவேன். கடலும் வேணாம், ஒண்ணும் வேணாம்.”

ஆக, மத்தியானப் பேச்சு ஒன்று தவறினால் அவர் முழங்காலும் போகும், அவள் கடலும் போகும். இதுவரை ஒரு நாளும் தவறவில்லை.

புறப்பட்ட புதிதில் வழியில் இருந்த பள்ளம் அத்தனையிலும் விழுந்து எழுந்தாள். கண்ணுக்குத் தெரிந்த பள்ளம்தான். ஆனால் யாராவது “பள்ளம்” என்று சொல்வார்கள் என்று உடம்பு காத்திருந்தது. பிறகு தானே வாய்விட்டுக் கூவ ஆரம்பித்தாள். கூவினால் கை தானாகத் திரும்பியது. எதிரே வந்த பால் வண்டிக்காரர் ஒருவர், தன்னைத்தான் அப்படி ஏதோ சொல்லிவிட்டுப் போகிறாள் என்று வண்டியை நிறுத்தி முறைத்தார். பழகிவிட்டது. பதிலுக்கு “சரி” என்று சொல்லத்தான் ஆளில்லை. அது மட்டும் பழகவில்லை.

இன்றைக்கு விடுதியிலிருந்து சாலை ஒரே இறக்கமாக இறங்கியது. மழை முகத்தில் ஊசி ஊசியாகக் குத்தியது. “பள்ளம்! பள்ளம்! கல்லு! ஐயோ, பள்ளத்துக்குள்ள கல்லு!” என்று ஓயாமல் கூவிக்கொண்டே இறங்கினாள். மழைக்கோட்டின் கழுத்து வழியே தண்ணீர் உள்ளே இறங்கி, சட்டை நனைந்து இடுப்பின் பின்பக்கம் கனத்தது. ஈரத்துணி என்றால் கனக்கத்தானே செய்யும் என்று விட்டுவிட்டாள்.

பாதி இறக்கத்தில் ஒரு பேருந்து நிழற்குடை வந்தது. மழை போகிற போக்கைப் பார்த்தால் பிறகு ஒதுங்க இடம் கிடைக்குமோ என்னவோ, இப்போதே பேசிவிடலாம் என்று ஒதுங்கினாள். சைக்கிளின் முன்பையைத் திறந்தாள். வரைபடம், ரொட்டி. போன் இல்லை. பக்கப் பைகளைத் திறந்தாள். கோட்டின் பைகளில் துழாவினாள். சாமான் முழுவதையும் நிழற்குடையின் பலகையில் கொட்டி, ஒவ்வொன்றாக உதறி, ஒவ்வொன்றாகத் திரும்ப வைத்தாள். பம்ப்புக்குள் எட்டிப் பார்த்தது ஒன்றுதான் பாக்கி.

வழியில் எங்கோ விழுந்திருக்க வேண்டும். திரும்பி மேலே மிதித்துத் தேடிக்கொண்டு போனால் விடுதி போய்ச் சேருவதற்குள் மத்தியானம் தாண்டிவிடும். கீழே ஊர் தெரிந்தது. மழைக்குள் சில கூரைகள், ஒரு விளக்கு. இறங்கிப் போனால் யாரிடமாவது போன் கேட்கலாம். பிரேக்கை விட்டாள்.

விளக்கு எரிந்தது ஒரு சலவைக்கடையில். கண்ணாடிக் கதவைத் தள்ளியதும் சோப்பு வாசனையோடு வெதுவெதுப்பு முகத்தில் அடித்தது. உள்ளே ஒரு பெண் மலைபோலக் குவிந்திருந்த படுக்கை விரிப்புகளை மடித்துக்கொண்டிருந்தாள்.

“அக்கா, அக்கா! அங்கேயே நில்லுங்க! இப்பதான் தரையைத் துடைச்சேன்.”

“ஒரு போன் பேசணும்மா. ரொம்ப அவசரம்.”

“பேசலாம். முதல்ல சொட்டுறதை நிறுத்துங்க.”

“அது என் கையிலயா இருக்கு?”

சலவைக்கடைக்காரி சிரித்துவிட்டாள். ஒரு பழைய துண்டைக் காலடியில் விரித்துப் போட்டு, அதன் மேல் நிறுத்திவைத்து, தன் போனைக் கொடுத்தாள். தையல்காரி வேகமாக எண்களை அழுத்தினாள். மறுமுனையில் கரகரத்த குரல் ஒன்று, “யாரு?” என்றது.

“நீங்க யாரு?”

“போன் பண்ணினது நீங்கம்மா.”

அப்போதுதான் உறைத்தது. அவள் மனப்பாடமாக வைத்திருந்தது அவருடைய பழைய எண். போன வருடம் அவர் எண்ணை மாற்றியதிலிருந்து, போன் திரையில் அவர் முகத்தை அழுத்தியே பேசிப் பழகிவிட்டாள். புது எண்ணில் நடுவில் ஒரு நான்கு வரும், அல்லது ஏழு. கடைசி எண் இரட்டைப்படை. மற்றதெல்லாம் அரைகுறை ஞாபகம். நான்கு போட்டுப் பார்த்தாள். எண்ணே இல்லை என்றது. ஏழு போட்டாள், யாரோ ஒரு பெண் எடுத்து, நீ என் வீட்டுக்காரரை எதற்குத் தேடுகிறாய் என்று சண்டைக்கு வந்தாள்.

“உங்க போனுக்கே அடிச்சுப் பாருங்களேன்” என்றாள் சலவைக்கடைக்காரி. “யாராவது எடுத்து வச்சிருக்கலாம்.”

அந்த எண் தெரியும். அடித்தாள். “போகுது… போகுது… யாரும் எடுக்கல.”

“போகுதுன்னா உயிரோட இருக்குன்னு அர்த்தம். எங்கேயோ பத்திரமாத்தான் இருக்கு.”

“எங்கேயோ இருந்து என்ன பண்றது? அங்க ஒரு மனுஷன் பஸ் ஏறிடுவாரே!”

கடிகாரத்தைப் பார்த்தாள். சாப்பாட்டு நேரம் வந்துவிட்டது. நின்ற இடத்திலேயே முழங்கால், நிபந்தனை, கடல் எல்லாவற்றையும் கொட்டித் தீர்த்தாள். பல் கிட்டித்துப் பேச்சு துண்டு துண்டாக வந்தது. சலவைக்கடைக்காரி விரிப்பைக் கீழே வைத்தாள்.

“இப்படி நடுங்கிக்கிட்டே நின்னா அவர் வந்து உங்களைத்தான் ஆஸ்பத்திரியில சேர்க்கணும். உள்ள போய்க் கழட்டிக் குடுங்க. சூட்டுல சுத்தவிட்டு எடுத்துடலாம். அதுக்குள்ள விடுதி நம்பரை நான் விசாரிக்கிறேன்.”

திரை மறைவில் கோட்டையும் சட்டையையும் சேர்த்தே உரித்துச் சுருட்டி, காலுறைகளோடு நீட்டினாள். மாற்றிக்கொள்ள, யாரோ வெளுக்கப் போட்டுவிட்டு வாங்க வராமலே போன சமையற்காரர் அங்கி ஒன்று கிடைத்தது. அதில் அவளைப் போல இரண்டு பேர் தாராளமாகக் குடித்தனம் நடத்தலாம்.

“பையைப் பாக்காம எதையும் மெஷின்ல போடமாட்டேன்க்கா” என்று கடைக்காரி வெளியே பேசிக்கொண்டே இருந்தாள். “இந்தக் கடையில நான் எடுக்காத பொருள் கிடையாது. மூக்குக்கண்ணாடி, மாத்திரை, ஒருதடவை பல் செட்டு. அந்த ஆளு வந்து வாயைப் பொத்திக்கிட்டே கேட்டாரு.” கோட்டைப் பிரித்து ஆணியில் மாட்டிவிட்டு, சுருண்டு கிடந்த சட்டையின் முன்பையில் இரண்டு விரலை விட்டுப் பார்த்தாள். “காலி.” காலுறைகளோடு சேர்த்து உலர்த்தும் இயந்திரத்துக்குள் போட்டு, சூட்டைக் குறைத்து வைத்து, பொத்தானைத் தட்டினாள்.

இயந்திரம் சுற்றியது. பொத். பொத். பொத்.

தையல்காரி திரையை விலக்கிக்கொண்டு வந்தாள். “அது என்ன சத்தம்?”

“பட்டனா இருக்கும்.”

“அந்தச் சட்டைக்கு நான் வச்சது துணிப் பட்டன். அது சத்தமே போடாது.”

பொத். பொத்.

அவள் அப்படியே நின்றாள். காலையில் நாற்காலி மேல் முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்த சட்டை கண் முன்னால் வந்தது. கை நீண்டது வந்தது. பிளாஸ்டிக் உறை உள்ளே போனது வந்தது.

“நிறுத்தும்மா! நிறுத்து, நிறுத்து!”

“முன்பையைப் பாத்தேனேக்கா, காலிதான்…”

“முன்னாடி இல்ல. பின்னாடி.”

“சட்டைக்குப் பின்னாடி யாராவது பை வைப்பாங்களா?”

“நான் வைப்பேன்.”

இயந்திரம் நின்றது. கடைக்காரி சட்டையை இழுத்துத் திருப்பிப் பார்த்தாள். முதுகில் பை. பைக்குள் உறை. உறைக்குள் உறை. அதற்குள் போன், அடுப்பிலிருந்து எடுத்த பிஸ்கட் போலச் சூடாக, உயிரோடு. திரை முழுக்க ஒரே பெயர்: டிரைவர், டிரைவர், டிரைவர்.

“காலையிலேர்ந்து உங்க முதுகுலயேவா இருந்துச்சு?” என்று கேட்டுவிட்டுச் சலவைக்கடைக்காரி விரிப்பு மலையின் மேலேயே சாய்ந்து சிரித்தாள். தையல்காரிக்குச் சிரிக்க நேரமில்லை. அவர் முகத்தை அழுத்தினாள். முழு மணி அடிப்பதற்குள் எடுத்துவிட்டார்.

“எங்க இருக்கே?”

“எங்க இருக்கீங்க?”

இரண்டும் ஒரே நேரத்தில் முட்டிக்கொண்டன.

“நான் சலவைக்கடையில. நல்லாத்தான் இருக்கேன். நீங்க?”

“வீட்லதான்.”

“வீட்ல எங்க?”

“வீட்டை ஒட்டித்தான்.”

“ஒட்டின்னா?”

“படியில.”

“ஐயோ! இறங்கிட்டீங்களா?”

“முழுசா இறங்கல. பாதியில உக்காந்திருக்கேன். பையும் பக்கத்துல உக்காந்திருக்கு. ஒரு செருப்பு போட்டாச்சு.”

“முழங்கால் என்ன ஆச்சு? வலிக்குதா? மறைக்காம சொல்லுங்க.”

“வலி இல்லம்மா. சுவரைப் பிடிச்சு, உக்காந்து உக்காந்து, குழந்தை மாதிரிதான் இறங்கினேன். பாதி வந்ததும் நீ சொன்னது ஞாபகம் வந்துடுச்சு. நான் அங்க வந்து நின்னா நீ திரும்பிடுவே. இத்தனை தூரம் தனியா மிதிச்சுப் போனது வீணாப் போயிடும். போகவும் மனசு வரல, மேல ஏறவும் மனசு வரல. சரி, பாதியில உக்காந்து இன்னும் ஒரு தடவை அடிச்சுப் பாப்போம், இன்னும் ஒரு தடவைன்னு…”

தையல்காரி சமையற்காரர் அங்கியின் நீண்ட கையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். கடைக்காரி, மடித்து வைத்த விரிப்பையே பிரித்து மறுபடி மடித்தாள்.

“அந்த மனுஷனை முதல்ல மேல ஏத்துங்கக்கா” என்றாள் விரிப்பைப் பார்த்துக்கொண்டே.

“அது யாரு?” என்றார் அவர்.

“உங்களை மேல போகச் சொல்றவங்க.”

“இறங்கும்போது சுலபமா இருந்துச்சு. ஏறத்தான் எப்படின்னு தெரியல. அதை விடு, போனை எங்க வச்சே? தொலைச்சுட்டியா?”

அவள் தயங்கினாள். “உங்க முதுகுல.”

“என் முதுகு இங்கல்ல இருக்கு?”

“சட்டை இங்க இருக்கே. நாற்காலியில மாட்டியிருந்துச்சு. நீங்கதான் உக்காந்திருக்கீங்கன்னு கை நினைச்சுக்கிச்சு. வச்சுட்டு, நானே எடுத்துப் போட்டுக்கிட்டேன்.”

அவர் சிரிக்க ஆரம்பித்தார். படிக்கட்டு முழுக்க அது எதிரொலித்து, போன் வழியாகச் சலவைக்கடைவரை வந்தது. அந்தச் சத்தத்தில் கீழ்வீட்டு உடற்பயிற்சி மாஸ்டர் கதவைத் திறந்துகொண்டு வந்துவிட்டார் போலிருக்கிறது. “சார், என்ன சார் இது, ஒத்தைச் செருப்போட?” என்ற குரல் கேட்டது. பிறகு “ஐயா, மெதுவா, மெதுவா, நான் மூட்டை இல்லய்யா” என்று இவர் குரல். மூச்சிரைப்பு. ஒரு கதவு. கட்டில் முனகியது.

“மேல வந்தாச்சு” என்றார். “தோள்ல போட்டே தூக்கிட்டு வந்துட்டாரு. இனிமே காலையிலயும் சாயங்காலமும் ரெண்டு வேளை வந்து பாப்பாராம், நான் இறங்கினேனான்னு.”

“நல்லா வேணும்.”

“பின்சீட்டு, ஒண்ணு சொல்றேன் கேளு. அந்த நிபந்தனையை நான் வாபஸ் வாங்கிக்கிறேன். மத்தியானம் பேசணும்னு இல்ல. கடலைப் பாத்ததும் பேசு, போதும்.”

“அதெல்லாம் முடியாது. மத்தியானமும் பேசுவேன், கடலைப் பாத்ததும் பேசுவேன். உங்க சட்டையைப் போட்டுக்கிட்டே பாக்கப்போறேன்.”

“முதுகுல போனை வைக்காதே.”

“வைக்கமாட்டேன்.”

சட்டை காய்ந்து சூடாக வந்தது. சலவைக்கடைக்காரி ஒரு சின்னக் கத்தரிக்கோலையும் ஊசி நூலையும் மேஜை மேல் வைத்தாள். “அந்தப் பையைப் பிரிச்சு முன்னாடி வச்சுத் தைச்சுக்கோங்கக்கா. நீங்க தையல்காரிதானே, நொடியில முடிஞ்சிடும்.”

தையல்காரி சட்டையைத் திருப்பி, தான் போட்ட தையலை விரலால் தடவிப் பார்த்தாள். சாயம் போயிருந்தது, ஒரு இழைகூட விட்டிருக்கவில்லை. கத்தரிக்கோலைத் திரும்பத் தள்ளிவைத்தாள்.

“இருக்கட்டும்மா. இது நான் போடுற சட்டை இல்லையே. அவர் முதுகு, என் அலமாரி.”

போனின் ஒலியைத் திறந்து, வாசலில் நின்ற சைக்கிளின் முன்பையில் வரைபடத்துக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு வந்தாள். சட்டையைப் போட்டுக்கொண்டு கோட்டைக் கையில் எடுத்தபோது, முதுகில் ஏதோ வெதுவெதுப்பாகத் திணிக்கப்பட்டது.

“காய்ஞ்ச காலுறை” என்றாள் பின்னாலிருந்து கடைக்காரி. “உங்களோடதுதான், இப்பதான் எடுத்தேன். இப்ப போட்டா திரும்பவும் நனைஞ்சிடும். ராத்திரிக்கு யாரையாவது எடுத்துத் தரச் சொல்லுங்க. அலமாரி சும்மா போகக்கூடாதுல்ல?”

மழை குறைந்திருந்தது, நிற்கவில்லை. தையல்காரி சைக்கிளில் ஏறி, நெஞ்சை நிமிர்த்தி, பெடலை மிதித்தாள். கடை வாசலைத் தாண்டியதுமே கலங்கல் தண்ணீர் நிறைந்த ஒரு குழி கிடந்தது.

“பள்ளம்!” என்று கூவிக்கொண்டே ஒடித்துத் திருப்பினாள்.

“சரிக்கா, சரி! பாத்துப் போங்க!” என்று பின்னாலிருந்து சலவைக்கடைக்காரியின் குரல் வந்தது.

தையல்காரி திரும்பிப் பார்க்கவில்லை. பின்னால் ஆள் இருக்கும்போது டிரைவர் திரும்பிப் பார்க்கக்கூடாது.